நம்பெருமாள் நடந்த வழி

திருவரங்கம் வடக்கு உத்தர வீதியில் உள்ள பழைய ஓட்டு வீடு ஒன்றில் அந்த அம்மையார் தனியாக வாழ்ந்து வருகிறார். வயது 76. பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் நீராடி, வடக்கு வாசல் வழியே கோயிலுக்குள் சென்று, முதலில் தாயாரையும் பிறகு பெருமாளையும் சேவித்துத் திரும்பிய பின்னரே அவருக்குக் காபி. திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் இருந்து வரும் வழக்கம் இது.

அவருடைய பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கம் இருக்கும். ஏகாதசி, அமாவாசை, கணவருடைய திதி ஆகியவற்றுக்கு எதிரே சிவப்பு மையில் அடையாளம் இட்டிருப்பார். அதே பக்கங்களின் ஓரத்தில், மாதம் ஒரு முறை, பென்சிலால் ஏதோ ஓர் ஆங்கிலத் தேதி எழுதப்பட்டிருக்கும். அது எந்த விரதத்துக்கும் உரிய நாள் அன்று. பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் தனியாக ஒரு தேதி, சுற்றிலும் வட்டமிடப்பட்டு நிற்கும்: மார்ச் 2015.

காணவரும் உறவினர்கள், “மாமி, இது என்ன கணக்கு?” என்று கேட்பதுண்டு. “என் பிள்ளை நிற்கும் வரிசையின் கணக்கு” என்பார் அவர்.

வரிசையில் நிற்கும் மகன்

அம்மையாருக்கு ஒரே மகன். திருச்சியில் பொறியியல் படித்து, சென்னையில் சில ஆண்டுகள் பணியாற்றி, 2010இல் மனைவியையும் நான்கு வயது மகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் வேலை. இரண்டு ஆண்டுகளில் அங்கே ஒரு மகனும் பிறந்தான். வேலைக்காகத் தரப்படும் எச்-1பி விசா சாதாரணமாக ஆறு ஆண்டுகளுக்கே செல்லும். அதற்கு மேலும் அங்கே தங்க வேண்டுமானால், நிரந்தரமாக வாழும் உரிமையாகிய கிரீன் கார்டுக்கு நிறுவனம் மனுச் செய்ய வேண்டும். மகனுக்காக அவர் நிறுவனம் மனுவைத் தொடங்கிய நாள் மார்ச் 2015இல் விழுந்தது. அந்த நாளுக்கு முன்னுரிமைத் தேதி என்று பெயர். வரிசையில் ஒருவருடைய இடத்தைக் காட்டுவது அதுதான்.

அந்த வரிசையின் இயல்பைப் புரிந்துகொள்ள அம்மையாருக்குச் சிறிது காலம் பிடித்தது. புரிந்த பிறகு அவர் மற்றவர்களுக்கு விளக்கும் விதம் எளிமையானது. “திருமலையில் தர்மதரிசனத்துக்குப் போனால் ஒரு கம்பார்ட்மென்டில் உட்கார வைத்துக் கதவைப் பூட்டுகிறார்கள் அல்லவா? எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. திறந்தால் அடுத்த கம்பார்ட்மென்டுக்குப் போகலாம். அதைப் போலத்தான்.”

உவமை பொருத்தமானதே. வேலையின் அடிப்படையில் அமெரிக்கா ஓர் ஆண்டுக்கு வழங்கும் கிரீன் கார்டுகள் ஏறத்தாழ 1,40,000. ஊழியரின் மனைவி, குழந்தைகளும் இதற்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது. சிறிய நாட்டில் பிறந்தவர் விரைவில் உள்ளே சென்றுவிடுகிறார். இந்தியாவில் பிறந்தவர்களோ லட்சக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் அந்நாட்டு வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் என்ற அறிவிப்பை வெளியிடுகிறது. எந்தத் தேதி வரை மனுச் செய்தவர்கள் உள்ளே வரலாம் என்பது அதில் இருக்கும். சில மாதங்களில் தேதி சில வாரங்கள் முன்னே நகரும். சில மாதங்களில் அசையாது நிற்கும். சில வேளைகளில் பின்னோக்கியும் போய்விடும். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதப்படுவது அந்தத் தேதிதான்.

அம்மையாரும் கணவரும் இரு முறை பிட்ஸ்பர்க் சென்று வந்திருக்கிறார்கள். அங்கே பென் ஹில்ஸ் பகுதியின் குன்றொன்றின் மேல், 1970களில் எழுப்பப்பட்ட வேங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அமெரிக்க மண்ணில் நம் மரபுப்படி அமைந்த முதற் கோயில்களுள் அதுவும் ஒன்று. பனி மூடிய குன்றின்மேல் வெள்ளைக் கோபுரத்தைக் கண்டபோது கணவர் கைகூப்பி நின்றுவிட்டார். “இந்தக் குளிரிலும் நமக்காக வந்து நிற்கிறானே” என்று அவர் சொன்னது அம்மையாருக்கு மறக்கவில்லை. அன்று முதல், மகன் அயலூரில் இருக்கிறான் என்ற எண்ணம் அவருக்குப் பாதி குறைந்தது. பேத்தியின் முதல் பாட்டு அரங்கேறியதும், பேரனுக்குப் பெயர் சூட்டியதும் அந்தச் சந்நிதியில்தான்.

2021ஆம் ஆண்டு மே மாதம்

கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 மே மாதம், கணவர் பரமபதம் எய்தினார். மருத்துவமனையில் சேர்த்து ஐந்தாம் நாள்.

அதே மே மாதம் 4ஆம் தேதி முதல், இந்தியாவிலிருந்து வரும் தற்காலிக விசாக்காரர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. வரிசையில் நிற்பவர்களில் பலருக்கு உண்டு. மகன் புறப்பட்டு வந்திருக்கலாம். ஆனால் எப்போது திரும்பலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேலை போனால் விசா போகும். விசா போனால் மனைவி, மகள் ஆகியோர் அங்கே தங்கும் உரிமையும் போகும். மகன் வரவில்லை.

கணவருடைய தம்பியின் பிள்ளை தர்ப்பையை வாங்கிக்கொண்டு கொள்ளி வைத்தான். பிட்ஸ்பர்க்கில் நள்ளிரவில் ஒரு மனிதர் கைப்பேசியின் சிறு திரையில் தம் தந்தையின் சிதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அம்மையார் ஒரு சொல் சொன்னார். “பெற்ற பிள்ளை இருந்தும் இல்லாதவர்போலப் போய்விட்டார்.” வலியில் வந்த சொல். ஆனால் ஒருமுறை அன்று. வந்தவர் பலரிடமும் சொன்னார். அந்தச் சொல் எவர் வாயிலோ ஏறி, கடல் தாண்டி, மகனுடைய செவிக்கும் போயிற்று. மகன் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மையாரும் பேசவில்லை. மறு ஆண்டு தலைத்திதிக்கு அவர் வந்து அனைத்தையும் முறையாகச் செய்தார். திரும்பிச் செல்லும்போது தாயை நமஸ்கரித்தார். அப்போதும் இருவரும் அதைப் பேசவில்லை.

அலுவலகம் இடம் மாறிற்று

2023ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் மகனுடைய அழைப்பு வந்தது. அங்கே சனிக்கிழமை இரவு.

“அம்மா, இங்கே எங்கள் அலுவலகத்தை மூடுகிறார்கள். ஹூஸ்டனுக்கு வந்தால் அதே வேலை உண்டாம். மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.”

“ஹூஸ்டன் எவ்வளவு தூரம்?”

“சாலை வழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர்.”

“வேறு ஊருக்கு மாற்றல்தானே? உன் அப்பா எத்தனை மாற்றலைப் பார்த்திருக்கிறார்!”

மகன் சிரிக்கவில்லை. “அது அவ்வளவு எளிது இல்லை அம்மா” என்று விளக்கத் தொடங்கினார்.

கிரீன் கார்டுக்கான முதற்படி லேபர் சர்டிபிகேட். ‘இந்த ஊரில் இந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை’ என்று நிறுவனம் விளம்பரம் செய்து மெய்ப்பித்து, அந்நாட்டுத் தொழிலாளர் துறையிடம் பெறும் சான்று அது. அந்தச் சான்று ஊரோடு கட்டப்பட்டது. பிட்ஸ்பர்க்குக்கு வாங்கியது ஹூஸ்டனுக்குச் செல்லாது. அன்றாடம் சென்று வரக்கூடிய தூரத்துக்கு அப்பால் வேலை போனால், அந்த வட்டாரத்துக்குரிய சம்பளத்தை அரசிடம் கேட்டுப் பெற்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பித்தவர்களைப் பரிசீலித்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பிறகு ஐ-140 என்ற மனுவையும் மீண்டும் போட வேண்டும். எல்லாம் முடிய இரண்டு ஆண்டுகள் ஆகலாம். விளம்பரத்துக்குத் தகுந்த உள்நாட்டவர் வந்துவிட்டால் அதுவும் நின்றுபோகும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஹூஸ்டனில் வேலை தொடங்குமுன், எச்-1பி விசாவுக்கும் திருத்த மனுப் போட வேண்டும்.

“போகமாட்டேன் என்றால்?”

“வேலை போகும். போன நாளிலிருந்து 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் எனக்காக மனுப் போட வேண்டும். அவர்களும் கிரீன் கார்டு வேலையை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.”

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பேத்திக்கு அப்போது 17 வயது. தந்தையின் மனுவில் குழந்தை என்ற முறையில் அவளும் சேர்ந்திருக்கிறாள். 21 வயது நிறைந்துவிட்டால் குழந்தை என்ற உரிமை போய்விடும். சட்டம் கணக்கில் சில மாதங்களைக் கழித்துத் தருமே தவிர, ஆண்டுகளைத் தராது. நான்கு வயதில் அங்கே சென்று, அங்கேயே எழுத்தறிந்து வளர்ந்த பெண், அதன் பிறகு வெளிநாட்டு மாணவியாக விசா வாங்கித்தான் அங்கே படிக்க முடியும். அங்கே பிறந்த தம்பிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவருக்கு இரண்டு கணக்கு. இவள் 21ஐத் தொடுவதற்குள் 2015 மார்ச் வர வேண்டும். வரும் நேரத்தில் புதிய மனு முடிந்திருக்கவும் வேண்டும்.

மகன் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் கேளாததைக் கேட்டார்.

“அம்மா, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடட்டுமா? நீ வா என்றால் வந்துவிடுகிறேன்.”

கணக்கு நோட்டு

அந்தக் கேள்விக்காகத்தான் அம்மையார் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார். வா என்ற சொல் நாவின் நுனி வரை வந்தது. ஏனோ அவர் அதைச் சொல்லவில்லை. “அடுத்த ஞாயிறு சொல்கிறேன்” என்று வைத்துவிட்டார்.

அன்றெல்லாம் அவருக்கு வேலை ஓடவில்லை. மகன் வந்தால் மாடி அறையை எப்படி ஒழிப்பது, பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மனம் தானாகத் திட்டமிட்டது. இரவில் உறக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். பிள்ளைகளுக்கு விடை தெரியாத கணக்கு வந்தால் கொடுக்கப்பட்டதை முதலில் எழுதச் சொல்வது அவர் பழக்கம். ஒரு பக்கம் ‘மாறினால் போவது’ என்று எழுதினார். மறு பக்கம் ‘மாறினாலும் போகாதது’ என்று எழுதினார்.

போவதன் பக்கம் விரைவாக நிரம்பியது. லேபர் சர்டிபிகேட். ஐ-140. பேத்தியின் பள்ளி இறுதியாண்டு. வீடு. நண்பர்கள். கடைசியில், குன்றின்மேல் இருக்கும் பெருமாள் கோயில். போகாததன் பக்கம் வெறுமையாக இருந்தது.

மறுநாள் அவரே மகனை அழைத்தார். “நீ மாறினாலும் உன்னோடு வருவது எது என்று மட்டும் சொல்.”

“தேதி வரும், அம்மா” என்றார் மகன். “பழைய ஐ-140 ஏற்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏற்கப்பட்டு 180 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும் தேதி என்னுடையதுதான். எந்த ஊருக்குப் போனாலும், எந்த நிறுவனத்துக்குப் போனாலும், புதிய மனுவில் அதே 2015 மார்ச்சைப் போட்டுக்கொள்ளலாம். ஆறு ஆண்டுக்கு மேல் எச்-1பியை நீட்டித்துக்கொள்வதும் அதன் பலத்தில்தான்.”

அம்மையார் வெறுமையாக இருந்த பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். ஒரே ஒரு வரி. ஆனாலும் அவர் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்வ மரத்தடியில்

மறுநாள் விடியலில் விசுவரூப சேவைக்குச் சென்றார். வழக்கம்போல் முதலில் தாயார் சந்நிதி. அங்கே வில்வ மரத்தைக் கண்டதும் கால் நின்றது. இத்தனை ஆண்டுகள் அதைக் கடந்து சென்றவர்தாம். அன்று அதன் வரலாறு புதிதாக நினைவுக்கு வந்தது.

1323இல் டில்லிப் படை திருவரங்கத்தின் மேல் வந்தது. உற்சவ மூர்த்தியாகிய அழகிய மணவாளனை எவ்வாறேனும் காக்க வேண்டும் என்று, முதுமை எய்தியிருந்த பிள்ளை லோகாசாரியர் ஒரு சிறு கூட்டத்தோடு பெருமாளை எழுந்தருளச் செய்துகொண்டு இரவோடு இரவாகத் தெற்கே புறப்பட்டார். மூலவர் சந்நிதியை மறைத்துச் சுவர் எழுப்பினார்கள். தாயாரை வில்வ மரத்தடியில் மறைத்து வைத்தார்கள் என்று பெரியோர் கூறுவர். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் லோகாசாரியர் திருநாடு அலங்கரித்தார். பெருமாளோ அங்கிருந்தும் புறப்பட்டார். அழகர்மலை, மலையாள நாடு, கன்னட நாட்டின் மேல்கோட்டை, அப்பால் திருமலை என்று ஊர் ஊராகச் சென்றார். திருமலைக் கோயிலுக்குள் ரங்கநாயக மண்டபம் என்ற பெயரைக் கண்டவர்கள் பலர் இருப்பார்கள். அரங்கன் அங்கே அடைக்கலமாகத் தங்கியிருந்த இடம் அது. இறுதியில், விஜயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் 1371இல் பெருமாள் திருவரங்கம் திரும்பினார். இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள்.

திரும்பியபோதும் உடனே உள்ளே செல்ல முடியவில்லை. பெருமாள் இல்லாத காலத்தில் வேறொரு திருமேனியை எழுந்தருளச் செய்து வழிபட்டு வந்தார்கள். வந்தவர்தாம் பழைய பெருமாள் என்பதற்குச் சான்று என்ன? பழைய நாளில் பெருமாளைக் கண்டவர்கள் அநேகமாக எவரும் இல்லை. அப்போது கண் பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வந்தார். பெருமாளுடைய ஈர ஆடைகளை அக்காலத்தில் துவைத்தவர் அவர். இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர ஆடைகளைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுக்கச் சொன்னார். அருந்திப் பார்த்ததும், வந்தவரைக் காட்டி, இவரே நம் பெருமாள் என்று கூறினார். அந்தப் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

அம்மையார் வில்வ மரத்தடியில் நின்றபடி எண்ணினார். 48 ஆண்டுகளும் வழியில் பெருமாளுக்குச் சொந்தமாக ஒரு கோயில் இல்லை. ஏழு பிராகாரங்களும் இல்லை. ஆராதனை ஒவ்வோர் ஊரிலும் புதிதாகத் தொடங்கியது. எல்லாமே போயின. ஆயினும் இந்த இடம் அவருடையது என்பது போகவில்லை. ஊர் மாறியதால் அவர் அரங்கர் அல்லாதவராகிவிடவில்லை.

கூடவே, இதுவரை எண்ணிப் பார்த்திராத ஒன்றும் தோன்றியது. இந்த மண்ணுக்கடியில் காத்திருந்த தாயார் ஒருநாளும் பெருமாளைக் குறை சொல்லியிருக்கமாட்டார். ‘என்னை விட்டுப் போனாரே’ என்று வருவோர் போவோரிடம் சொல்லியிருக்கமாட்டார். அம்மையாருக்கு அந்த இடத்திலேயே கண்ணீர் பெருகியது. பக்கத்தில் நின்ற பெண்மணி, “மாமி, உடம்புக்கு என்ன?” என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லவேண்டிய சொல்

ஞாயிறு வரை அவர் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகனை அழைத்தார்.

“முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போனபோது நான் ஒரு வார்த்தை சொன்னேன். உனக்கும் வந்து சேர்ந்திருக்கும்.”

மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. பிறகு, “வந்தது, அம்மா” என்றார் மகன்.

“அது தப்பு. நீ இல்லாமல் இல்லை. வழி இல்லாமல் இருந்தாய். அதை அறிந்தும் சொன்னேன்.”

மகன் உடைந்துபோனார். ஐம்பதை நெருங்கும் பிள்ளை சிறு குழந்தையைப்போல் அழுததை அம்மையார் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகை அடங்கிய பின் மகன் சொன்னது அவரைத் திகைக்க வைத்தது. “திரும்பி வரட்டுமா என்று கேட்டேனே, அம்மா. அது ஹூஸ்டனுக்காக இல்லை. உனக்கும் அப்படி ஆகிவிட்டால், அப்போதும் நான் வர முடியாமல் போனால் என்ன செய்வேன் என்ற பயம்.”

வா என்று சொல்லியிருந்தால் மகன் வந்திருப்பார். அன்பினால் அன்று, அந்தச் சொல்லின் சுமையினால். பேத்தியின் படிப்பும், பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பும் அந்தச் சுமைக்கு விலையாகியிருக்கும். இதை அம்மையார் அந்தக் கணத்தில் உணர்ந்தார்.

“எனக்குக் கடன் தீர்ப்பதற்காக வராதே” என்றார். “நீங்கள் நால்வரும் இங்கே வாழ விரும்பி வந்தால், வீடு திறந்தே இருக்கிறது. என் முடிவைப் பெருமாள் பார்த்துக்கொள்வான். நீ வர முடிந்தால் வா. முடியாவிட்டால், உன் சித்தப்பா பிள்ளை இருக்கிறான். நான் குறை சொல்லமாட்டேன். இதை உன் மனைவியிடமும் சொல். இப்போது பேத்தியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இடம் மாறுவதால் உன் இடம் போகாது. உன் தேதி உன்னோடு வருகிறது. நம்பெருமாளே நடந்திருக்கிறார்; நீ நடப்பதற்கு என்ன?”

மீனாட்சி வீட்டில்

அவர்கள் ஹூஸ்டனைத் தேர்ந்தார்கள். பேத்தியின் பள்ளி இறுதியாண்டு கெடாதிருக்க, திருத்த மனுப் போடப்பட்ட பின், 2024 ஜனவரியில் மகன் மட்டும் முதலில் சென்றார். வீடு மாறிய 10 நாட்களுக்குள் புதிய முகவரியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை நினைவூட்டியவர், நோட்டில் அதையும் குறித்து வைத்திருந்த அம்மையார்தாம். ஜூன் மாதம் மற்ற மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். பிட்ஸ்பர்க்கை விட்டுப் புறப்படும் நாளில் குன்றின்மேல் சென்று சேவித்தபோது மருமகள் அழுதாராம். அர்ச்சகர் சடாரி சாதித்து, துளசி கொடுத்து, “போகும் ஊரிலும் அவன்தான் இருக்கிறான்” என்று சொல்லி அனுப்பினாராம்.

அவர் சொன்னது வெறும் ஆறுதல் மொழி அன்று. ஹூஸ்டனுக்கு அருகே பியர்லாந்தில் மதுரையை நினைவூட்டும் கோபுரங்களோடு மீனாட்சி கோயில் அமைந்திருக்கிறது. அங்கே மீனாட்சி, சுந்தரேசுவரரோடு வேங்கடேசப் பெருமாளுக்கும் தனிச் சந்நிதி உண்டு. முதல் நாள் சென்று வந்த பேரன் பாட்டியை அழைத்து, “பாட்டி, இது மீனாட்சி கோயில். பெருமாள் ஏன் இங்கே இருக்கிறார்?” என்று கேட்டான்.

“தங்கையைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர்தானே? அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்திருக்கிறார். உங்களுக்கு அத்தை வீடுபோல என்று வைத்துக்கொள்” என்றார் பாட்டி.

2025ஆம் ஆண்டு தந்தையின் திதியை மகன் ஹூஸ்டன் வீட்டில் செய்தார். அதே நேரத்தில் திருவரங்கத்தில் அம்மையார் கைப்பேசியைப் பூஜை அறையில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021இல் மகன் பார்த்த அதே சிறு திரைதான். இம்முறை திரைக்கு இந்தப் பக்கம் தாய். பிண்டம் வைத்து முடித்த மகன், எழுந்து, திரையை நோக்கித் தாயை நமஸ்கரித்தார்.

கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. ஹூஸ்டனுக்கான லேபர் சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. புதிய ஐ-140உம் ஏற்கப்பட்டுவிட்டது. அதில் பழைய 2015 மார்ச்சே நிற்கிறது. வரிசை மட்டும் அந்தத் தேதியை எட்டவில்லை. பேத்திக்கு 21 வயது நிறைய அதிகக் காலம் இல்லை. அவள் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கிறாள். எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று மாணவர் விசாவுக்கு வேண்டிய தாள்களையும் இப்போதே சேர்த்து வைத்திருக்கிறாள். “தேதி முதலில் வருகிறதா, என் பிறந்த நாள் முதலில் வருகிறதா என்று பார்ப்போம், பாட்டி” என்று அவள் சொல்லும்போது குரலில் கலக்கம் இல்லை. கலக்கம் பாட்டிக்கு உண்டு. அதை அவர் மறைப்பதில்லை, பெருமாளிடம் சொல்லிவிடுகிறார்.

ஒவ்வொரு மாதமும் விசா புல்லட்டின் வெளியானதும் பேத்திதான் அழைத்துச் சொல்கிறாள். அம்மையார் பஞ்சாங்கத்தை எடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறார். முன்னே நகர்ந்திருந்தால் மறுநாள் தாயாருக்கு ஒரு முழம் மல்லிகை. நகராதிருந்தாலும் ஒரு முழம் மல்லிகை. பூக்காரி முன்பெல்லாம் செய்தி கேட்டுப் பூவை அளப்பார். இப்போது கேட்பதில்லை. அளந்து வைத்துவிடுகிறார்.